பச்சை போனால் போதாது

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஏழு பேர். இருந்த இடங்கள் பின்வருமாறு.

மேஜைக்குப் பின்னால், ஜன்னலுக்கு முதுகைக் காட்டி, அறுவை டாக்டர். அவருக்கு இடப்பக்கம், நாற்காலியின் நுனியில் ஒட்டிக்கொண்டு, ஆய்வுக்கூடத்திலிருந்து வந்திருந்த அம்மாள். மடியில் ஒரு சிறிய குளிர்பெட்டி. மேஜைக்கு இந்தப் பக்கம், இரண்டு பேர் உட்காரும் பெஞ்சில் தனியாக, கால்களை அகட்டி, எங்கள் பெரியண்ணன். அவருக்குப் பேருந்துப் பணிமனையில் வண்டிகளை அனுப்பும் வேலை. மெதுவாகப் பேசத் தெரியாது. எங்கள் அக்கா உட்காரவில்லை, மேஜைமேல் சாய்ந்திருந்தாள். அதாவது அவள் ஊர் தொலைவு என்பதால் அண்ணனின் ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு டாக்டரின் பேனாக் குவளையில் சாய்த்து வைத்திருந்தோம். யாருடைய காலைப் பற்றிப் பேச வந்தோமோ அந்தக் கடைக்குட்டி வாசலில் இருந்தாள். நீட்டிய காலோடு சக்கர நாற்காலி அறைக்குள் திரும்பவில்லை. அவள் வீட்டுக்காரர், டயர்க்கடை மாப்பிள்ளை, பின்னால் நின்று கைப்பிடிகளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

ஏழாவது ஆள் நான். எனக்கு இடம் இல்லை. மூலையில் இருந்த எடைக்கருவிமேல் ஏறி நின்றேன். லாரிகளை நிறுக்கும் எடைமேடையில் எனக்கு வேலை. அங்கே ஓட்டுநர் எஞ்சினை அணைத்தால்தான் முள் ஓரிடத்தில் நிற்கும். அன்று டாக்டர் பேசி முடிக்கும்வரை என் காலடியில் முள் நிற்கவே இல்லை.

இப்படித்தான் எதையும் தொடங்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் கடிதம் எழுதச் சொல்லிக்கொடுத்தபோது பழக்கினார்கள். யார் இருந்தார்கள், எங்கே இருந்தார்கள், என்ன நடந்தது. எழுதுபவனின் கருத்து கடைசியில், ஒரே வரியில். எங்கள் குடும்பத்தில் கடிதம் எழுதுவது என் பொறுப்பு. ஃபோன் வந்த பிறகும் அது போகவில்லை. ஃபோனில் நாங்கள் நால்வரும் ஒரே நேரத்தில் பேசுவோம், யாரும் யாரையும் கேட்க மாட்டோம். அதனால் எந்தச் சேதிக்கும் நான் ஒரு கடிதம் எழுதி அக்காவுக்கு அனுப்புவேன். அவள் அடியில் நாலு வரி சேர்த்துப் பெரியண்ணனுக்கு அனுப்புவாள், அவர் கடைக்குட்டிக்கு, அவள் திரும்ப எனக்கு. சுற்றுக்கடிதம் என்று பெயர். “விவரம் கடிதத்தில்” என்று நான் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், அவர்கள் பொறுமையாகக் காத்திருப்பார்கள். நான் எதையும் விடாமல் எழுதுவேன் என்ற நம்பிக்கை.

ஆனால் கால் கடிதத்துக்குக் காத்திருக்காது. ஆகவே எல்லோரும் கூடினோம்.

கடைக்குட்டி ஒரு ஓட்டலின் சலவைக்கூடத்தில் விரிப்புகளைத் தேய்க்கும் பெரிய இயந்திரத்தில் வேலை பார்த்தவள். நீராவிக் குழாய் வெடித்து முழங்காலுக்குக் கீழே கணுக்கால்வரை வெந்துவிட்டது. வெந்தது ஆறிவிடும் என்றார்கள். ஆறும்போதுதான் அதில் கிருமி புகுந்தது. ஒவ்வொரு முறை கட்டைப் பிரிக்கும்போதும் துணியில் பச்சை ஊறியிருந்தது, குளத்துப் பாசியைப் பிழிந்து விட்டதுபோல. கூடவே ஒரு வாசனை. கெட்ட நாற்றமாக இருந்தால்கூட மனசு தாங்கியிருக்கும். அது இனித்தது. நன்றாகப் பழுத்த திராட்சையின் வாசனை.

டாக்டர் சுருக்கமாகச் சொன்னார். மூன்று வகை ஆன்டிபயாடிக் போட்டாகிவிட்டது. கிருமி அசையவில்லை. இப்படியே ரத்தத்தில் ஏறினால் உயிருக்கு ஆபத்து. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் அந்தப் பயம் இல்லை.

பெரியண்ணன்தான் முதலில், “எடுத்துடுங்க டாக்டர்” என்றார்.

“எடுத்துடட்டும்டா,” என்றது மேஜைமேல் ஃபோன். “உசிரு இருந்தா போதும்.”

“அதான் நானும் சொல்றேன். உசிருதான் முக்கியம்.”

“இப்பல்லாம் கட்டைக்கால் எவ்வளவோ நல்லா வருதாம்.”

“ஆமா, ஓடவே ஓடலாமாம்!”

“நாளைக்கே பண்ணிடுங்க டாக்டர்!”

“எதுக்கு நாளைக்கு? இன்னைக்கே!”

ஒருவர் குரலைக் கேட்டு மற்றவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பயத்தில் நானும் “ஆமா, ஆமா” என்றேன். என் காலடியில் முள் தந்தியடித்தது. டாக்டர் கையைத் தூக்கி எங்களை நிறுத்தி, வாசலைப் பார்த்தார்.

“நீங்க என்னம்மா சொல்றீங்க?”

கடைக்குட்டி சிரிக்கப் பார்த்தாள். “போன மாசம்தான் டாக்டர் புதுச்செருப்பு வாங்கினேன். ஒத்தைச் செருப்பை யாரு எடுத்துப்பாங்க?” சொல்லி முடிக்குமுன் உதடு கோணிக்கொண்டது. “எனக்குக் கால் வேணும்.”

அப்போதுதான் ஆய்வுக்கூடத்து அம்மாள் வாய் திறந்தார். சின்னக் குரல், ஃபோனில் கேட்கவில்லை என்று அக்கா அதட்ட, எழுந்து நின்று பேசினார்.

“ஒரு கிருமி தனியா இருந்தா பெருசா ஒண்ணும் செய்யாதுங்க. ஆனா ஒவ்வொண்ணும் ஒரு ரசாயனத்தைக் கொஞ்சம் கொஞ்சமா வெளிய விட்டுக்கிட்டே இருக்கும், ‘நான் இருக்கேன், நான் இருக்கேன்’னு சொல்ற மாதிரி. கூட்டம் சேரச் சேர அது அடர்த்தியாகும். ஒரு அளவு தாண்டினதும் எல்லாத்துக்கும் தெரிஞ்சிடும், நாம நிறைய பேர் இருக்கோம்னு. அப்பதான் வேலையைக் காட்டும். எல்லாம் சேர்ந்து விஷத்தைக் கக்கும், மேல வழவழன்னு ஒரு படலத்தைக் கட்டிக்கும். மருந்து உள்ள போகாது. அந்தப் பச்சையும் அந்தக் கூட்டு வேலையில வர்றதுதான்.”

குளிர்பெட்டியைத் திறந்து ஒரு ஊசிக்குழலை எடுத்துக் காட்டினார். உள்ளே கலங்கலான களிம்பு.

“இதுல இருக்கிறது ஒரு நொதி, என்சைம். நம்ம வயித்துல சோத்தை அறுத்துச் செரிக்க வைக்குதே, அந்த மாதிரி. இது அந்த ரசாயனத்தை மட்டும் அறுக்கும். கிருமியைக் கொல்லாது. ஒண்ணு சொல்றது இன்னொண்ணுக்குப் போய்ச் சேராது, அவ்வளவுதான். ஒவ்வொண்ணும் நான் மட்டும்தான் இருக்கேன்னு நினைச்சுக்கும். படலம் இளகும். அந்த நேரத்துல ஆன்டிபயாடிக்கும் உங்க உடம்பும் சேர்ந்து ஒவ்வொண்ணா தீர்த்துடலாம்.”

“உறுதியா தீருமா?” என்றார் பெரியண்ணன்.

“உறுதி சொல்ல மாட்டேங்க. இது அனுமதி வாங்கி நடக்கிற சோதனை. இதுவரைக்கும் கொஞ்ச பேருக்குத்தான் போட்டிருக்கோம். சிலருக்குக் கேட்டுச்சு. சிலருக்குக் கேக்கலை.”

“பாத்தியா, பாத்தியா!” என்றது ஃபோன்.

கடைக்குட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “அப்ப இதுங்க எங்க குடும்பம் மாதிரி, இல்லீங்களா? தனித்தனியா பாத்தா எல்லாரும் தங்கம். பெரியண்ணன் தனியா வந்தா தலையைத் தடவிக் கொடுப்பாரு. அக்கா தனியா வந்தா ஊட்டியே விடுவா. எல்லாரும் சேர்ந்தாதான் காலை வெட்டணும்னு தோணுது.”

“யாருடி அங்க வாயடிக்கிறது?” என்றது ஃபோன். டாக்டர் முதல்முறையாகச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் நொதிக்குச் சில நாள் கிடைத்தது என்று நினைக்கிறேன்.

புறப்படும்போது அந்த அம்மாள் ஒன்று சொன்னார். எல்லோருக்கும் கேட்டது, எல்லோரும் தலையாட்டினோம். “முதல்ல பச்சை போகும். கிருமி போகாது. அது அங்கேயேதான் இருக்கும், சத்தமில்லாம. பச்சை போச்சுன்னு களிம்பை நிறுத்திடாதீங்க. நிறுத்தினா திரும்பப் பேச ஆரம்பிக்கும்.”

கட்டைத் தினமும் பிரிப்பதில்லை. கட்டுக்குள்ளே மெல்லிய குழாய் ஒன்றை விட்டிருந்தார்கள். காலையும் மாலையும் அதன் வழியாகக் களிம்பைச் செலுத்த வேண்டும். குளிர்ந்த களிம்பு புண்ணில் பட்டதும் அவளுக்கு உயிர் போகிற எரிச்சல். மாப்பிள்ளை ஊசிக்குழலை அழுத்துவார். பெரிய பெரிய லாரி டயர்களைப் புரட்டுகிற கை, அந்தச் சின்னக் குழலைப் பிடிக்கும்போது நடுங்கும். அவள் பல்லைக் கடித்துக்கொண்டு, “ஏங்க, காத்து அடிக்கிற மாதிரி அடிக்காதீங்க, நான் டயர் இல்ல” என்பாள். அவர் எதற்கும் பதில் பேசுபவர் அல்ல.

அடுத்த முறை கட்டைப் பிரித்த நர்ஸ், “அட!” என்றார். துணி மங்கிய பச்சை. அதற்கடுத்த முறை வெள்ளை. அப்பட்டமான வெள்ளை. மூக்கை அருகில் கொண்டுபோய் முகர்ந்தேன். மருந்து வாசனை மட்டும்தான். எனக்கு அழுகை வந்துவிட்டது. வராந்தாவுக்கு ஓடிப்போய் அக்காவைக் கூப்பிட்டேன், பிறகு அண்ணனை.

சேதி அவர்களுக்குள் ஓடிய வேகத்தை என்னால் எழுத முடியாது. நான் அக்காவிடம் சொன்னது, “கட்டு வெள்ளையா இருக்கு.” அக்கா அண்ணனிடம் சொன்னது, “புண்ணு சுத்தமாயிடுச்சு.” அண்ணன் தன் மனைவியிடமும், அண்ணி பிள்ளைகளிடமும், கடைசியில் அக்கா திரும்ப என்னிடமும் சொன்னது, “கிருமி செத்துப்போச்சாம்டா, உனக்குத் தெரியாதா?” எல்லோரும் எல்லோருக்கும் சொன்னதால் அது உண்மையாகிவிட்டது. எனக்கும்தான்.

டாக்டர் அவளை வார்டிலிருந்து விட்டு, எதிரிலேயே நோயாளிகளின் வீட்டார் தங்கும் அறைக்கு மாற்ற அனுமதித்தார். மாத்திரை தொடர வேண்டும், களிம்பு தொடர வேண்டும், திங்கட்கிழமை காலை வந்து கட்டைப் பிரிக்க வேண்டும். சனிக்கிழமை எல்லோரும் வந்து இறங்கினார்கள். அக்கா இந்த முறை நேரிலேயே. இரண்டு கட்டில், ஒரு நாற்காலி, ஒரு சின்னக் குளிர்பெட்டி இருந்த அந்த அறையில் அத்தனை பேர். சிரிப்பு, கும்மாளம். மாலையில் மாப்பிள்ளை ஊசிக்குழலை எடுத்தார். கடைக்குட்டியின் முகம் வெளுத்தது.

“வேணாம்ங்க. இன்னைக்கு ஒரு நாள்.”

“பாவம், விடுங்க மாப்பிள்ளை,” என்றாள் அக்கா. “அதான் போயிடுச்சே. இன்னும் எதுக்குப் புள்ளையைப் போட்டு வதைக்கணும்?”

“மாத்திரை போடுறா இல்ல, போதும்,” என்றார் பெரியண்ணன்.

“தம்பி, நீ என்ன சொல்ற?” என்றாள் அக்கா என்னைப் பார்த்து.

அந்த அம்மாள் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது, வார்த்தை மாறாமல். ஆனால் அறையில் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். எல்லா முகமும் என் பக்கம் திரும்பியிருந்தது. “ரெண்டு நாள்தானே” என்றேன். மாப்பிள்ளை மட்டும் ஊசிக்குழலைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அதைத் துணியில் சுற்றித் திரும்பக் குளிர்பெட்டிக்குள் வைத்தார், தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல.

ஞாயிறு மதியம் அவரவர் ஊருக்குப் பேருந்து ஏறினார்கள். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிப் பெரியண்ணன், “டேய், ஏதாவதுன்னா உடனே ஃபோன் போடு. ராத்திரியோட ராத்திரியா எல்லாரும் வந்துடுவோம்” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. இதையும் எழுத வேண்டும். அவர் கண் உண்மையாகவே கலங்கியிருந்தது.

திங்கட்கிழமை காலை அறைக்குள் நுழைந்ததும் எனக்குத் திராட்சை வாசனை வந்தது.

யாராவது பழம் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். மேஜையைப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்த்தேன். பழம் எங்கும் இல்லை. கடைக்குட்டி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்பே வந்திருக்கிறது அந்த வாசனை.

“சின்னண்ணே,” என்றாள். “ஜன்னலைத் திற. வெளிய இருந்துதான் வருது போல.”

ஜன்னலைத் திறந்தேன். வெளியிலிருந்து வரவில்லை.

எதிரே மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். நர்ஸ் கட்டைச் சுற்றுச் சுற்றாகப் பிரித்தார். மேல்சுற்று வெள்ளை. இரண்டாவது வெள்ளை. நான் மூச்சை விட்டேன். மூன்றாவதில் நடுவே காசு அளவுக்கு ஒரு பச்சை வட்டம். நான்காவதில் கையகலம். அதற்குமேல் நான் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். நர்ஸ் “அட” என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை மட்டும் பார்த்துக்கொண்டே நின்றார், கடைசிச் சுற்றுவரை.

டாக்டரும் அந்த அம்மாளும் வந்தார்கள். களிம்பை நிறுத்தியதை நான் சொன்னேன். யார் முடிவு என்று டாக்டர் கேட்டார். எல்லாரும் சேர்ந்து என்றேன். அந்த அம்மாள் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழாயின் வாயைத் தொட்டுப் பார்த்தபடி, “அதுங்க போகவே இல்லைங்க. அங்கேயேதான் இருந்துச்சு. திரும்பப் பேசிக்கிச்சு” என்றார் மெதுவாக.

ரத்தப் பரிசோதனை முடிவு வரும்வரை வராந்தாவில் நின்றோம். சக்கரம் வைத்த கட்டில் ஒவ்வொன்று உருண்டு வரும்போதும் அது அவளுக்காகவோ என்று பார்த்தேன். டாக்டர் தாளோடு வந்தார்.

“ரத்தத்துல இன்னும் ஏறலை. அதனால ரெண்டு வழி இருக்கு. ஒண்ணு, நாளைக்குக் காலையில எடுத்துடலாம். இல்ல, திரும்ப வார்டுல சேர்த்து, அந்தக் களிம்பை ரெண்டு மடங்கு தடவை விட்டு, ஊசியில ஆன்டிபயாடிக் ஏத்திப் பாக்கலாம். வியாழக்கிழமை காலையில பிரிச்சுப் பாப்பேன். அதுக்கு முன்னாடி காய்ச்சல் ஏறினா, பேச்சே இல்லை, நேரா உள்ள கூட்டிட்டுப் போயிடுவேன். இது கடைசித் தடவை. முடிவு அவங்களோடது.” கடைக்குட்டியைக் காட்டிவிட்டு என்னிடம் திரும்பி, “வீட்டுல எல்லாருக்கும் சொல்லிட்டீங்களா?” என்றார்.

“சொல்றேன் டாக்டர்.”

அவர் போனதும் ஃபோனை எடுத்தேன். பெரியண்ணன் பெயர் திரையில் வந்தது. கட்டைவிரலை வைக்கப்போன நேரத்தில் கடைக்குட்டி என் சட்டையின் கீழ்விளிம்பைப் பிடித்தாள். சின்ன வயதில் சாலையைக் கடக்கும்போது அப்படித்தான் பிடிப்பாள்.

“யாருக்கு?”

“அண்ணனுக்கு.”

“வேணாம்.”

“என்ன பேசற நீ? சொல்லாம எப்படி?”

“சொன்னா என்ன ஆகும்னு சொல்லட்டுமா? அண்ணன் அக்காவுக்குப் போடுவாரு. அக்கா அண்ணிக்கு. காலையில எல்லாரும் இங்க வந்து நிப்பாங்க. அண்ணன் அந்தப் பெஞ்சுல உக்காந்து எடுத்துடுங்கன்னு ஆரம்பிப்பாரு, அக்கா என் தலைமாட்டுல உக்காந்து அழுவா.” அவளுக்கு மூச்சு வாங்கியது. “நான் சரின்னு சொல்லிடுவேன் சின்னண்ணே. எனக்குச் சம்மதம்னு இல்ல. அந்தச் சத்தம் நிக்கணும்னு சரின்னு சொல்லிடுவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.”

“குட்டி, உனக்கு ஏதாவது ஆயிட்டா?”

“எனக்கும்தான் பயமா இருக்கு. நான் பயப்படலைன்னு சொன்னேனா? பயந்து பயந்து வயிறே வலிக்குது. ஆனா என் பயத்தை நானே வச்சுக்கறேன். வியாழக்கிழமை வரைக்கும் மத்தவங்க பயத்தையும் என்னால தூக்க முடியாது.”

உண்மையைச் சொன்னால், உள்ளுக்குள் நான் பெரியண்ணன் கட்சிதான். காலை எடுத்துவிட்டால் அவள் இருப்பாள். எடுக்காமல் விட்டு வியாழக்கிழமைக்குள் ஏதாவது நேர்ந்தால், ஏன்டா சொல்லவில்லை என்று அக்கா கேட்கும் கேள்விக்கு என்னிடம் ஆயுள் முழுக்கப் பதில் இருக்காது. ஃபோன் கையில் வேர்த்து வழுக்கியது. ஒரு விரல் அழுத்தினால் இந்தப் பாரத்தை எல்லோரும் பங்கிட்டுக்கொள்வார்கள். காலும் போய்விடும், பாரமும் போய்விடும்.

மாப்பிள்ளை அதுவரை சுவரோரம் நின்றிருந்தார். பக்கத்தில் வந்தார். சட்டைப்பையிலிருந்து தன் ஃபோனை எடுத்து அணைத்து என் கையில் வைத்தார்.

“மச்சான்,” என்றார். “உங்களுதை எடுக்கலைன்னா எனக்குத்தான் கூப்பிடுவாங்க. எனக்குப் பொய் சொல்ல வராது.”

எங்கள் குடும்பத்துக்கு வந்த நாளிலிருந்து அவர் என்னிடம் ஒரே மூச்சில் பேசிய அதிகபட்சம் அதுதான்.

எனக்கும் பொய் சொல்ல வராது. யோசித்து, அக்கா, அண்ணன் இருவருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: “குட்டி பேசுகிறாள், சாப்பிடுகிறாள். மறுபடி வார்டில் சேர்க்கிறார்கள். என் ஃபோன் இனி அணைந்திருக்கும். விவரம் கடிதத்தில்.” ஒவ்வொரு சொல்லும் உண்மை. பிறகு என் ஃபோனையும் அணைத்தேன்.

வியாழக்கிழமை வரை பார்க்கலாம் என்று கடைக்குட்டியே டாக்டரிடம் சொன்னாள். அவளை வார்டுக்குக் கொண்டுபோய்ப் படுக்கையில் கிடத்தி, டிரிப் ஏற்றினார்கள். அந்த அம்மாள் புதுக் களிம்போடு வந்தார். மாப்பிள்ளை கையை நீட்டி ஊசிக்குழலை வாங்கிக்கொண்டார். இந்த முறை அவர் கை நடுங்கவில்லை. கடைக்குட்டி தலையணையைக் கடித்தாள், ஒரு சத்தம் வந்தது, மனிதர் போடும் சத்தம்போல இல்லை. ஆனால் “வேணாம்” என்று சொல்லவில்லை. நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடா, வராந்தாவில் நின்று என் கைதான் குளிர்ந்திருந்ததா என்று தெரியவில்லை. நர்ஸ் காய்ச்சல் பார்த்தார். எல்லையில் இருந்தது. எல்லைக்கு இந்தப் பக்கம்.

“போ சின்னண்ணே,” என்றாள், கண்ணை மூடியபடி. “போய் உன் கடிதத்தை எழுது. என் கால் எங்க உக்காந்திருந்துச்சுன்னும் எழுது.”

மருத்துவமனைக் கூடத்தின் கோடியில் ஒரு சாய்வு மேஜை உண்டு. அங்கே நின்று எழுதினேன். எப்போதும்போல் ஒரே தாளில் எழுதிச் சுற்றுக்கு விடவில்லை. அக்காவுக்குத் தனியாக ஒன்று, பெரியண்ணனுக்குத் தனியாக ஒன்று. அக்காவுடையதை அண்ணனுக்கு அனுப்ப வேண்டாம், அண்ணனுடையதை அக்காவுக்குச் சொல்ல வேண்டாம், இது கைமாறக் கூடாது என்று இரண்டிலும் எழுதினேன். இப்படி எழுதுவது இதுதான் முதல் தடவை.

யார் இருந்தார்கள்: படுக்கையில் கடைக்குட்டி. அவள் காலருகே முக்காலியில் மாப்பிள்ளை. தலைமாட்டில் யாரும் இல்லை. என்ன நடந்தது: திராட்சை வாசனை, நான்காவது சுற்று, டாக்டர் சொன்ன வியாழக்கிழமை. களிம்பை நிறுத்தியதில் நானும் “ரெண்டு நாள்தானே” என்றதை விடாமல் எழுதினேன். அவள் சட்டையைப் பிடித்துச் சொன்னதை அவள் சொன்னபடியே எழுதினேன். பெரியண்ணனுக்கு எழுதியதில் ஒரு வரி கூடுதல்: பேருந்து ஜன்னலில் உங்கள் கண்ணைப் பார்த்தேன் அண்ணே. அக்காவுக்கு எழுதியதில் ஒரு வரி கூடுதல்: திட்டுவதாக இருந்தால் என்னை மட்டும் திட்டு.

கருத்து எழுதவேண்டிய இடம் வந்தது. பேனாவைத் தூக்கிக்கொண்டு வெகுநேரம் நின்றேன். காப்பாற்றிவிடலாம் என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நான் செய்தது சரி என்று எழுதவும் தைரியம் இல்லை. கடைசியில் இரண்டிலும் ஒரே வரியை எழுதினேன்: எனக்கு ரொம்பப் பயமாக இருக்கிறது.

தபால் நிலையம் அடுத்த தெருவில். பாதி வழியில், காய்ச்சல் ஏறியிருக்குமோ என்று திரும்பி ஓடிப்போய் வார்டு வாசலில் எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையை இப்படியும் அப்படியும் மெதுவாக ஆட்டினார், இன்னும் இல்லை. மறுபடி நடந்தேன்.

கவுண்ட்டரில் இருந்த பெண் உறைகளை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒட்டிய இடத்தை நான் விரலால் இன்னொரு முறை அழுத்திக் கொடுத்திருந்தேன்.

“அவசரமா சார்? விரைவுத் தபால்ல போட்டா நாளைக்கே கிடைச்சிடும்.”

நாளைக்கே. வியாழனுக்கு முன்பே. பின்னால் நின்றவர் செருமினார்.

“இல்லம்மா. சாதாரணத் தபால்லயே போடுங்க.”

“வெள்ளிக்கிழமை ஆயிடும், பரவாயில்லையா?”

“ஆகட்டும்.”

அவர் இரண்டு உறையிலும் முத்திரையைக் குத்தினார், ஒன்றை ஒரு சாக்கிலும் மற்றதை வேறொரு சாக்கிலுமாகப் போட்டார்.